அப்பாவின் மதிய மாத்திரை ஏன் வேலை செய்வதில்லை?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது.

அவருடைய அப்பாவுக்கு வயது 68, எடை 60 கிலோ. ஆறு ஆண்டுகளாக, உடம்பை இறுக்கி நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய். லெவோடோபா 100 மில்லிகிராமும் கார்பிடோபா 25 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரையை காலை 7, மதியம் 1, இரவு 7 என மூன்று வேளை போடுகிறார். காலை மாத்திரை போட்ட 40 நிமிடத்தில் விரல்கள் இளகி, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். மதிய மாத்திரையோ இரண்டு மாதமாக எதுவுமே செய்வதில்லை. மூன்று, மூன்றரை மணி வரை நாற்காலியைவிட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். உடம்பு இளைக்கிறதே என்று இரண்டு மாதத்துக்கு முன்புதான் புரோட்டீன் பவுடர் வாங்கி, மதியச் சாப்பாட்டோடு பாலில் கலக்கிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

இடையில் ஒரு வாரம் குமட்டல் இருந்தது. அம்மாவுக்கு எப்போதோ வாங்கிய மெட்டோகுளோப்ரமைடு வாந்தி மாத்திரை வீட்டில் இருக்க, மூன்று நாள் அதைக் கொடுத்திருக்கிறார் மகள். அப்பாவின் உடம்பு மரக்கட்டையாக இறுகிவிட்டது. நிறுத்தியதும் சில நாட்களில் சரியானது. "நானே அவரை முடக்கிப் போட்டுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். சளிக்குப் போட்ட குளோர்ஃபெனிரமின் மாத்திரை ஒன்று அவரை இரவு முழுக்கக் குழம்ப வைத்ததாம்.

தம்பியோ, "மூளையைச் சுற்றி ஒரு தடுப்பு இருக்கிறது, எந்த மருந்தும் உள்ளே போகாது, இந்த மாத்திரையெல்லாம் உடம்பைக் கெடுக்கத்தான். நிறுத்திவிட்டு டோபமின் கேப்சூலும் காபா கேப்சூலும் பூனைக்காலி விதைப் பொடியும் கொடுப்போம்" என்கிறார். மூளைத் தடுப்பைத் திறக்கும் சிகிச்சை என்று ஒரு விளம்பரத்தையும் அனுப்பியிருக்கிறார். நோய் முற்றிவிட்டதா, புரோட்டீனையே நிறுத்திவிடலாமா, இந்த நோயில் மூளையில் குறைவது டோபமின் என்ற வேதிப்பொருள் என்றால் அதையே கொடுத்தால் என்ன? இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி இந்த வாரமே அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடம்பு முழுக்க விறைப்பு, நினைவுக் குழப்பம், தசை சிதைவு என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். குறைப்பதாக இருந்தாலும் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான்.

அடுத்தது உங்கள் மன உறுத்தல். குமட்டலுக்குக் குமட்டல் மாத்திரை கொடுத்தீர்கள். அது யாரும் செய்யக்கூடியதுதான். அந்த மாத்திரை ஏன் உங்கள் அப்பாவுக்கு மட்டும் ஆகாது என்பதைக் கீழே விளக்குகிறேன். அந்த விளக்கத்துக்குள்ளேயே மதிய மாத்திரையின் கதையும் இருக்கிறது.

தடுப்பு என்பது சுவர் மட்டும் இல்லை

தம்பி சொல்வதில் பாதி உண்மை. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. ஆனால் அது மண்டையைச் சுற்றிப் போட்ட வேலி இல்லை. மூளைக்குள் ஓடும் ஒவ்வொரு நுண்குழாயின் சுவரும்தான் அந்தத் தடுப்பு. அந்தக் குழாய்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் சுமார் 600 கிலோமீட்டர் வரும். எந்த நரம்புச் செல்லிலிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ 20 மைக்ரான் தூரத்துக்குள், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான தூரத்தில், ஒரு ரத்தக்குழாய் இருக்கும். ரத்தம் பக்கத்திலேயே ஓடுகிறது. கதவு திறப்பதுதான் கேள்வி.

உடம்பின் மற்ற இடங்களில் நுண்குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே சந்து உண்டு. நீரில் கரைந்த சிறு பொருட்கள் அந்தச் சந்து வழியாகக் கசிந்து வெளியே போய்விடும். மூளையில் அந்தச் செல்கள் தையல் போட்டது போல ஒன்றோடொன்று இறுகியிருக்கின்றன. ஜெர்மன் ஆய்வாளர் பால் எர்லிக் 1885-ல் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றியபோது மற்ற உறுப்புகளெல்லாம் நிறம் ஏறின, மூளை மட்டும் வெள்ளையாகவே நின்றது. மூளைக்குச் சாயம் ஒட்டாது போலும் என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் கோல்ட்மன் 1913-ல் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் செலுத்தினார். மூளை நன்றாகவே நிறம் ஏறியது. ஒட்டாமல் இல்லை, ரத்தத்திலிருந்து வர வழியில்லை என்பது அப்போது புலப்பட்டது. அந்தத் தையல் எங்கே இருக்கிறது என்பதை 1967-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ரீஸும் கர்னோவ்ஸ்கியும் காட்டினார்கள்.

சந்து அடைபட்டிருக்கிறது என்றால் மூளை எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்கிறது? எண்ணெயில் கரையக்கூடிய சின்னஞ்சிறு பொருட்கள் செல்லின் சவ்விலேயே கரைந்து மறுபக்கம் போய்விடும். ஆக்சிஜன், மது, நிகோட்டின், மயக்க வாயுக்கள் இப்படிப் போகின்றன. நீரில் கரையும் பொருட்களுக்கு அந்தச் செல்களில் தனித்தனி வாசல்கள் உண்டு. குளுக்கோஸுக்கு ஒரு வாசல், சில அமினோ அமிலங்களுக்கு ஒரு வாசல். இன்சுலின், இரும்பைச் சுமக்கும் புரதம் போன்ற பெரியவை, செல்லின் மேற்பரப்பில் தங்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியில் ஒட்டிக்கொண்டு செல்லுக்குள் இழுக்கப்படுகின்றன. இவை தவிர, உள்ளே நுழைந்துவிட்டதைத் திரும்ப ரத்தத்துக்கே தள்ளிவிடும் பம்புகளும் உண்டு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் லோபரமைடு, மார்ஃபினின் உறவு. ஆனாலும் வழக்கமான அளவில் அது போதை தருவதில்லை. அந்தப் பம்பு அதை உடனுக்குடன் வெளியே எறிந்துவிடுவதுதான் காரணம்.

எனவே "எந்த மருந்தும் போகாது" என்பது தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் அதன் வழி என்ன என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

டோபமினையே கொடுத்தால் என்ன?

இயல்பாக எழும் கேள்விதான். பார்க்கின்சன் நோயில் மூளையின் ஒரு பகுதியில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிகின்றன. குறைந்ததைக் கொடுப்பதுதானே முறை?

டோபமின் லெவோடோபாவைவிடச் சின்ன மூலக்கூறு. ஒன்றின் மூலக்கூறு எடை 153, மற்றது 197. அளவை மட்டும் பார்த்தால் டோபமின்தான் எளிதாகப் போகவேண்டும். போவதில்லை. ரத்தத்தில் அது மின்னேற்றம் பெற்று நிற்பதால் எண்ணெய்ச் சவ்வில் கரையாது. அதற்கென்று வாசலும் கிடையாது. கொஞ்சம் குழாய்ச் சுவரின் செல்லுக்குள் புகுந்தாலும், அங்கேயே இருக்கும் என்சைம்கள் அதைச் சிதைத்துவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க டோபமினை ரத்தநாளத்தில் ஏற்றுவதுண்டு. இதயமும் ரத்தக்குழாய்களும் அதற்கு வேலை செய்யும். கை நடுக்கம் துளியும் குறையாது.

லெவோடோபா ஒரு அமினோ அமிலம். நம் உணவில் உள்ள டைரோசினோடு ஒரே ஒரு ஆக்சிஜன் அணு கூடினால் அதுதான் லெவோடோபா. அதனால் பெரிய அமினோ அமிலங்களுக்கான வாசற்காவல் அதைத் தன் ஆள் என்று நினைத்து உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போன பிறகு ஒரு கார்பன் டைஆக்சைடு கழன்று அது டோபமினாகிறது. ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் 1950-களின் இறுதியில், அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு லெவோடோபா கொடுத்து எழ வைத்தார். 1960-களின் இறுதியில் கோட்சியாஸ் என்ற மருத்துவர் அதை வாய்வழி அதிக அளவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் காட்டினார். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

லெவோடோபாவை மட்டும் விழுங்கினால் ஒரு சிக்கல். டோபமினாக மாற்றும் என்சைம் குடலிலும் கல்லீரலிலும் ரத்தக்குழாயிலும் நிறைய இருக்கிறது. வழியிலேயே பெரும்பகுதி டோபமினாகிவிடும். மூளைக்குப் போய்ச் சேர்வது நூற்றில் ஒரு பங்குதான், அல்லது அதற்கும் குறைவு. அதைத் தடுக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபா. அது வழியில் இருக்கும் என்சைமை அடைத்துவிடும். கார்பிடோபா மூளைக்குள் போகாது, போகவும் கூடாது. போனால் உள்ளேயும் டோபமின் உருவாகாமல் தடுத்துவிடும். தடுப்பைத் தாண்ட முடியாமை என்ற குறையையே குணமாக்கிக்கொண்ட மருந்து இது. தம்பிக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்: உங்கள் அப்பாவின் மாத்திரையில் ஒரு பாதி தடுப்பைத் தாண்டவும், மறுபாதி தாண்டாமல் இருக்கவுமே தேர்ந்தெடுக்கப்பட்டது.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வழி என்சைமை முழுதாக அடைக்க ஒரு நாளைக்கு மொத்தம் 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா தேவை. உங்கள் அப்பாவுக்கு 25 வீதம் மூன்று வேளை, 75. போதும். கடையில் மாற்றி 10/100 (கார்பிடோபா 10, லெவோடோபா 100) அட்டையைக் கொடுத்துவிட்டால் மொத்தம் 30 தான் கிடைக்கும். குமட்டல் கூடும், பலன் குறையும். பெயர் ஒன்றாகவே இருக்கும், எண்தான் மாறும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அந்த எண்ணைப் படியுங்கள்.

மதியம் ஒரு மணிக்கு என்ன நடக்கிறது?

அமினோ அமில வாசல் என்றேன். அதே வாசலில்தான், சாப்பிட்ட புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களான லூசின், ஐசோலூசின், வாலின், ஃபினைல் அலனின், டைரோசின், டிரிப்டோஃபான் எல்லாம் நிற்கின்றன. சாதாரண நேரத்திலேயே அந்த வாசல் ஏறக்குறைய நிரம்பித்தான் இருக்கும். கூடுதலாக ஒரு கூட்டம் வந்தால் ஏற்கெனவே நிற்பவர் பின்னுக்குத் தள்ளப்படுவார்.

நீங்கள் கொடுக்கும் புரோட்டீன் பவுடர் அந்தக் கூட்டம். பாலின் புரதத்தில், குறிப்பாக வே புரோட்டீனில், லூசின் மிகுதி. டப்பாவில் 'பி.சி.ஏ.ஏ.' என்று பெருமையாகப் போட்டிருந்தால் லூசின், ஐசோலூசின், வாலின் மூன்றும் அதில் உண்டு என்று பொருள். உடற்பயிற்சி செய்பவருக்கு நல்ல செய்தி. ஒரு மணி மாத்திரைக்கு நேரடிப் போட்டி.

இது வெறும் ஊகம் இல்லை. 1984-ல் நட் என்பவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் நோயாளிகளுக்கு லெவோடோபாவை ரத்தநாளம் வழியாக ஒரே சீராக ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு குறையவில்லை. அந்த நிலையில் புரதம் மிகுந்த உணவோ ஃபினைல் அலனின், லூசின், ஐசோலூசின் போன்றவையோ கொடுத்தபோது, நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள் மறுபடி இறுகிப்போனார்கள். கிளைசின், லைசின் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை. அவை இரண்டும் அந்த வாசலைப் பயன்படுத்துவதில்லை. மருந்து ரத்தத்தில் இருந்தும் மூளைக்குள் போகாமல் நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

இதோடு வயிறும் சேர்ந்துகொள்கிறது. லெவோடோபா சிறுகுடலின் மேற்பகுதியில்தான் உறிஞ்சப்படும். நிறைந்த வயிறு மாத்திரையைக் குடலுக்குள் அனுப்பத் தாமதிக்கும். கொழுப்பு அதிகமான சாப்பாடு இன்னும் தாமதிக்கும். பார்க்கின்சன் நோயே வயிற்றின் அசைவை மெதுவாக்கும். குடல் சுவரிலும் அமினோ அமிலங்களோடு போட்டி உண்டு. ஆக மதியம் உங்கள் அப்பாவின் மாத்திரைக்கு மூன்று இடத்தில் தாமதம்: வயிற்றில் ஒன்று, குடலில் ஒன்று, மூளை வாசலில் ஒன்று. காலையில் வெறும் வயிற்றில் இந்த மூன்றுமே இல்லை. அதனால்தான் 40 நிமிடத்தில் பொத்தான் போடுகிறார்.

காலை மாத்திரை இப்போதும் நன்றாக வேலை செய்கிறது என்பது மிக முக்கியமான தகவல். நோய் திடீரென்று முற்றியிருந்தால் அதுவும் மங்கியிருக்கும். எனவே முதலில் நேரத்தைச் சரிசெய்து பார்ப்போம்.

நேரத்தை மாற்றும் முறை

மாத்திரையின் எண்ணிக்கையையோ அளவையோ தொடாமல், உணவை மட்டும் நகர்த்துங்கள். மாத்திரை சாப்பாட்டுக்கு 30 முதல் 45 நிமிடம் முன்பாக. மதியச் சாப்பாடு ஒன்றே முக்காலுக்கு என்றால் மாத்திரை ஒரு மணிக்கே இருக்கட்டும். எப்போதாவது முன்பே சாப்பிட்டுவிட்டால் குறைந்தது ஒரு மணி நேரம், புரதம் அதிகமான சாப்பாடு என்றால் இரண்டு மணி நேரம் கழித்து. நிமிர்ந்து உட்கார்ந்து, 150 முதல் 200 மில்லி தண்ணீரோடு விழுங்க வேண்டும். பாலோடு வேண்டாம். ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கிப் படுத்துக்கொண்டால் மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும்.

வெறும் வயிற்றில் குமட்டினால் புரதம் குறைந்த உலர்ந்த ஏதாவது சிறிதளவு போதும், இரண்டு பிஸ்கட் மாதிரி.

புரோட்டீன் பவுடரை நிறுத்த வேண்டாம், நகர்த்துங்கள். இரவு 7 மணி மாத்திரைக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, எட்டரை மணிக்கு. அதற்குப் பிறகு மாத்திரை இல்லை என்பதால் போட்டிக்கு ஆளில்லை.

இரும்புச் சத்து மாத்திரை ஏதாவது போடுகிறாரா? கடிதத்தில் அது இல்லை. போட்டால் லெவோடோபாவிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளியிருக்க வேண்டும். குடலிலேயே இரும்பு அதைப் பிடித்துக்கொள்ளும். மலச்சிக்கலையும் கவனியுங்கள். குடல் நகராதவருக்கு மருந்தும் நகராது.

ஏழு நாளைக்கு ஒரு நோட்டில் நான்கு எண்கள் எழுதுங்கள்: மாத்திரை போட்ட மணி, சாப்பிட்ட மணி, விரல் இளகிய மணி, மறுபடி இறுகிய மணி. "நன்றாக இருந்தார்", "மோசம்" என்று எழுதாதீர்கள். உங்கள் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தானே நல்ல அளவுகோல். எந்த மணிக்கு தானே போட முடிந்தது என்று குறியுங்கள். மருத்துவருக்கு இந்த நோட்டு பத்து நிமிடப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

புரதத்தை அடியோடு நிறுத்தலாமா?

வேண்டாம். ஏற்கெனவே இளைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் என்பது பெரியவர்களுக்கான அடிப்படைக் கணக்கு. 60 கிலோவுக்கு 48 கிராம். வயதானவருக்கு, அதுவும் எடை இழப்பவருக்கு, கிலோவுக்கு ஒரு கிராம் அல்லது சற்று மேலே இருப்பது நல்லது. தசை போய்விட்டால் விழுவார். இந்த நோயில் விழுந்தால் இடுப்பு எலும்பு முறிவு ஒரு பெரிய பயம்.

சிலருக்கு நேரம் மாற்றியும் பகல் சரியாகாது. அவர்களுக்குப் பகலில் புரதத்தை மிகக் குறைத்து, ஒரு நாளின் புரதத்தை ஏறக்குறைய முழுதாக இரவுக்குத் தள்ளும் முறை உண்டு. பகல் நன்றாக இருக்கும், இரவில் இறுக்கம் கூடலாம். பகலில் மருந்து முழு வீச்சில் உள்ளே போவதால் தன்னிச்சையான ஆட்ட அசைவுகளும் வரலாம். எடையும் குறையலாம். உணவியல் நிபுணரின் கண்காணிப்பில்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

இரண்டு வாரம் நேரம் மாற்றியும் மதியம் அசையவில்லை என்றால், அல்லது எல்லா வேளையும் அடுத்த மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பே இறுக்கம் வருகிறது என்றால், அது வேறு விஷயம். லெவோடோபா கார்பிடோபாவோடு சேர்ந்தாலும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் ஆரம்ப ஆண்டுகளில் மிச்சமிருக்கும் செல்கள் டோபமினைச் சேமித்து வைத்துச் சமாளிக்கும். ஆண்டுகள் போகப்போக அந்தச் சேமிப்பு குறையும். அப்போது வேளைகளை நெருக்கமாக்கலாம், என்டகபோன் அல்லது ராசகிலின் போன்ற துணை மருந்து சேர்க்கலாம். என்டகபோனுக்கு இன்னொரு உபயோகம்: ரத்தத்தில் லெவோடோபா வேறொரு பொருளாக மாறுவதை அது குறைக்கிறது. அந்தப் பொருளும் அதே அமினோ அமில வாசலில் நின்று போட்டி போடும், சுமார் 15 மணி நேரத்தில்தான் பாதியாகும். இந்த மருந்துகளில் எது என்று முடிவு செய்வது உங்கள் நரம்பியல் மருத்துவர். கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

வாந்தி மாத்திரையும் சளி மாத்திரையும்

மூளைத்தண்டில், மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளில் நான்காவதன் அடியில், ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. அங்கே மட்டும் ரத்தக்குழாயின் தையல் பிரிந்திருக்கும். ரத்தத்தில் நஞ்சு இருக்கிறதா என்று மோப்பம் பிடித்து வாந்தியைத் தூண்டுவது அதன் வேலை. ரத்தத்தில் உருவாகும் டோபமின் மூளைக்குள் போகாவிட்டாலும் இந்தத் திட்டைத் தொடும். லெவோடோபா போட்டால் குமட்டுவது இதனால்தான்.

மெட்டோகுளோப்ரமைடு அந்தத் திட்டில் டோபமினின் ஏற்பிகளை அடைத்துக் குமட்டலை நிறுத்தும். ஆனால் அது தடுப்பையும் தாண்டும். உள்ளே போய், உங்கள் அப்பாவுக்குக் கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்த டோபமின் வேலை செய்யவேண்டிய ஏற்பிகளையும் அடைத்துவிட்டது. அதுதான் மரக்கட்டை. மூன்றே நாளில் நிறுத்தியது நல்லது. வாந்தி மருந்தான புரோகுளோர்பெரசின், மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் ஆகியவையும் இதே காரணத்தால் அவருக்கு ஆகாதவை.

டொம்பெரிடோன் என்ற வாந்தி மருந்தும் அதே ஏற்பியைத்தான் அடைக்கும், ஆனால் தடுப்பை மிகக் குறைவாகவே தாண்டும். அதனால் பார்க்கின்சன் நோயாளிக்குக் குமட்டல் வந்தால் பெரும்பாலும் அதையே கொடுப்பார்கள். அதையும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடியது. இ.சி.ஜி. பார்த்து, குறைந்த அளவில், குறைந்த நாளைக்குத்தான். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஃப்ளுகோனசோல் போன்றவற்றோடு சேர்க்கக் கூடாது.

சளி மாத்திரையின் கதையும் இதுவே. குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகள் எண்ணெயில் கரைபவை. தடுப்பைச் சுலபமாகத் தாண்டித் தூக்கம் தரும், வயதானவருக்குக் குழப்பமும் தரும். புதிய அலர்ஜி மருந்தான ஃபெக்சோஃபெனடினை நான் முன்பே சொன்ன பம்பு வெளியே தள்ளிவிடும். அது மூக்கில் வேலை செய்யும், மூளையைத் தொடாது. மருத்துவரிடம் "தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை" என்று கேளுங்கள்.

எப்போதாவது மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், ஒரு அட்டையில் இரண்டு வரி எழுதிக் கையில் வைத்திருங்கள்: மாத்திரை 7, 1, 7 மணிக்குத் தவறாமல். மெட்டோகுளோப்ரமைடு, ஹாலோபெரிடால் வேண்டாம். வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்ற நிலை வந்தால், லெவோடோபாவை மூக்குக் குழாய் வழியாகவோ வேறு மருந்தைத் தோல் பட்டையாகவோ தர முடியுமா என்று கேளுங்கள். வார்டின் மருந்து நேரத்துக்கு உங்கள் அப்பாவின் மூளை காத்திருக்காது என்று தயங்காமல் சொல்லலாம்.

தம்பி சொல்லும் மூன்று பொருட்கள்

டோபமின் கேப்சூல். விழுங்கிய டோபமினைக் குடலும் கல்லீரலும் சிதைத்துவிடும், தப்பியது வாசலில்லாமல் நிற்கும். இந்தப் பெயரில் விற்கும் பலவற்றில் உண்மையில் இருப்பது டைரோசின். அது மூளைக்குள் போகும், அதே அமினோ அமில வாசல் வழியாக. ஆக அதுவும் லெவோடோபாவுக்குப் போட்டி. உள்ளே போய் டோபமினாக மாறவும் ஒரு என்சைம் வேண்டும். அந்த என்சைம் இருந்த செல்கள்தான் இந்த நோயில் அழிகின்றன.

காபா கேப்சூல். காபா, நரம்புச் செல்களை அமைதிப்படுத்தும் வேதிப்பொருள். அதை மூளை தனக்குத் தேவையான அளவு உள்ளேயே, குளுட்டமேட் என்ற பொருளிலிருந்து செய்துகொள்கிறது. ரத்தத்திலிருந்து போதுமான அளவு உள்ளே போவதாக நல்ல சான்று கிடையாது. பார்க்கின்சனுக்கு அதனால் பலன் என்றும் சான்று இல்லை.

பூனைக்காலி விதைப் பொடி. இந்த மூன்றில் உண்மையாகவே வேலை செய்யக்கூடியது இதுதான், அதனாலேயே அதிக ஆபத்தும் இதில்தான். அந்த விதையில் இருப்பது உண்மையான லெவோடோபா. எடையில் நூற்றுக்கு சில பங்கு, விதைக்கு விதை மாறும். ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம் என்று யாருக்கும் தெரியாது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் அளவு எகிறி ரத்த அழுத்தம் சரியலாம், இல்லாதது தெரிவது போன்ற மனக்காட்சிகள் வரலாம், ஆட்ட அசைவுகள் வரலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் கொடுத்தால் கார்பிடோபா இல்லை, பெரும்பகுதி வழியிலேயே டோபமினாகும், குமட்டல் திரும்பும். கார்பிடோபா இல்லாத நிலையில் பி6 வைட்டமின்கூட அந்த வழி மாற்றத்தை வேகப்படுத்தும். தம்பி ஏற்கெனவே வாங்கி அனுப்பிவிட்டார் என்றால் தூக்கி எறியச் சொல்லவில்லை. மருத்துவரிடம் டப்பாவோடு போய்க் காட்டுங்கள். அப்பா ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காதீர்கள்.

தடுப்பைத் திறக்கும் சிகிச்சை

ஆய்வு நிலையில் இது உண்மை. ரத்தத்தில் நுண்குமிழிகளை ஏற்றி, மீயொலியை மூளையின் ஒரு புள்ளியில் குவித்தால், அங்கே தையல் சில மணி நேரம் தளர்ந்து பின்னர் மூடிக்கொள்ளும். மூளைக் கட்டி, அல்சைமர் போன்ற நோய்களில் பெரிய மூலக்கூறு மருந்துகளை உள்ளே அனுப்ப இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள். லெவோடோபாவுக்கு இது தேவையே இல்லை, அதற்கு வாசல் இருக்கிறது. திறந்த தடுப்பு மருந்தை மட்டும் விடாது. ரத்தத்தின் புரதங்களும் நீரும் கசிந்தால் மூளை வீங்கும்.

பார்க்கின்சன் நடுக்கத்துக்கு மீயொலி சிகிச்சை செய்கிறார்களே என்று தம்பி கேட்பார். அது வேறு. அங்கே மீயொலியின் வெப்பத்தால் ஒரு சின்னப் புள்ளியைச் சுட்டு அழிக்கிறார்கள், தடுப்பைத் திறப்பதில்லை. விளம்பரம் கொடுத்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த மருந்தை உள்ளே அனுப்புகிறீர்கள்? இது பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வா, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? ஆய்வு என்றால் ஏன் என்னிடம் பணம் கேட்கிறீர்கள்? எழுத்தில் பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நாளையிலிருந்தே மதியச் சாப்பாட்டை ஒன்றே முக்காலுக்குத் தள்ளுங்கள், பவுடரை இரவுக்கு மாற்றுங்கள், நோட்டைத் தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்து நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது நோட்டு, மாத்திரை அட்டை, பவுடர் டப்பா, தம்பி அனுப்பியவை எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். முடிந்தால் தம்பியையும் அழைத்துப் போங்கள். அதற்கு முன்பாகவே காய்ச்சலோடு விறைப்பு, விழுங்க முடியாமை, ஒரே நாளில் பெருங்குழப்பம், எழுந்ததும் மயங்கி விழுதல் இவற்றில் எது வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.